வாளித் தண்ணீரும் அரை டம்ளர் உப்பும்

"பேதி உப்பு இருக்கா தம்பி?"

மருந்துக் கடைப் பையன் திருதிருவென்று விழித்தான். உள்ளேயிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "எப்ஸம் ஸால்ட்டைக் கேக்கறாங்கடா. கீழ்த் தட்டுல பாரு" என்றார். பையனுக்கு உடனே முகம் மலர்ந்தது. "அதுவாம்மா! கால் ஊற வைக்கிற உப்புன்னு சொல்லக் கூடாதா?" என்று சொல்லி, ஊதா நிற மூடி போட்ட ஒரு ஜாடியை எடுத்து நீட்டினான். திறந்து மோந்தால் லாவெண்டர் வாசனை கமகமவென்று அடித்தது. விலையைப் பார்த்தேன். அந்த வாசனை உடனே போய்விட்டது. சாதாப் பொட்டலமாகவே வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் இந்த உப்புக்கு ரொம்பப் பழைய உறவு உண்டு. பாட்டி இதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரி மூலையில் வைத்திருப்பாள். பரீட்சை லீவு விட்டதும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களை வரிசையாக உட்கார வைத்து, விளக்கெண்ணெயா உப்பா என்று கேட்பாள். இரண்டில் எது மேல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குமட்டும் கசப்பு! மாட்டுக்கு வயிறு உப்பினாலும் அதே பாட்டில்தான் வெளியே வரும். அந்த உப்பு இன்று பேர் மாற்றிக்கொண்டு, ஜாடியில் ஏறி, 'மனச் சோர்வு போக்கும் மெக்னீஷியக் குளியல்' என்று நம் முன்னால் வந்து நிற்கிறது.

"அண்ணி, அரை மணி நேரம் காலை இதுல வச்சா டென்ஷன் எல்லாம் இறங்கிடுதாம். மெக்னீஷியம் தோல் வழியா உள்ளே போயிடுதாம். உடம்புல இருக்கிற விஷம் எல்லாம் கால் வழியா வெளியே வந்துடுதாம்" என்று என் நாத்தனார் சொன்னபோது நானும் நம்பினேன். முழுக்க நம்பினேன் என்றே சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மாடு குடிக்காத தண்ணீர்

லண்டனுக்குத் தெற்கே எப்ஸம் என்று ஓர் ஊர். 1618-ம் வருஷம் நல்ல கோடைக் காலத்தில் ஹென்றி விக்கர் என்ற மாடு மேய்ப்பவர் புல்வெளியில் ஒரு குழியில் தண்ணீர் ஊறியிருப்பதைப் பார்த்து, அதை அகலமாக்கி மாடுகளை ஓட்டிக்கொண்டு போனாராம். தாகத்தில் தவித்த மாடுகள் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டனவாம். அவ்வளவு கசப்பு. இது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆனால் அந்தத் தண்ணீர் வயிற்றைச் சுத்தம் செய்கிறது என்று தெரிந்ததும் பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது கதை அல்ல, சரித்திரம். நாட்குறிப்பு எழுதியே பெயர் பெற்ற ஸாமுவேல் பீப்ஸ் 1667-ல் அங்கே போய் அந்தத் தண்ணீரைக் குடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

1695-ல் நெஹேமையா க்ரூ என்ற விஞ்ஞானி இந்தத் தண்ணீரிலிருந்து பிரித்த கசப்பு உப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1698-ல் அதைத் தயாரிக்கும் உரிமையையும் அரசாங்கத்திடம் வாங்கிக்கொண்டார். மெக்னீஷியம் என்ற உலோகத்தை ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்தது அதற்கும் நூறு வருஷங்களுக்குப் பிறகு, 1808-ல்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஜனங்கள் எப்ஸத்துக்குப் படையெடுத்தது முக்கியமாக அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு. இந்த உப்பு பேர் எடுத்ததும் வயிற்று மருந்தாகத்தான். காலை ஊற வைத்து மனத்தை லேசாக்கிக்கொள்வது பின்னால் சேர்ந்துகொண்ட பெருமை.

உப்பின் முழுப் பெயர் மெக்னீஷியம் ஸல்ஃபேட். கல்கண்டு மாதிரி பளபளக்கும் இந்த 100 கிராம் பொட்டலத்தில் மெக்னீஷியம் எவ்வளவு தெரியுமா? 10 கிராம்தான். பாதிக்கு மேல் தண்ணீரே படிகமாக உறைந்திருக்கிறது.

வளையல் இறங்கவில்லை

இனி நாத்தனார் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. தினமும் சாயங்காலம் மெதுவாக நடந்து வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்காருவாள். எட்டாம் மாதம் கால் வீங்க ஆரம்பித்தது.

"அத்தை, செருப்பே நுழைய மாட்டேங்குது."

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காம இருக்குமாடி? எனக்கு யானைக் கால் மாதிரி இருந்தது" என்று சொல்லி, நானே வெந்நீர் விளாவி, நானே அந்த உப்பை அள்ளிப் போட்டு, அவள் காலை வாளியில் வைத்தேன். சுகமாக இருந்தது என்றாள். நாலைந்து நாள் இப்படியே நடந்தது. வளைகாப்பு, விருந்து, ஊர் மாறி வந்தது என்று ஒரு செக்கப் தவறிப் போயிருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தோம்.

ஐந்தாம் நாள் தலை வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலையில் கையைத் தூக்கிக் காட்டினாள். வளைகாப்பு வளையல் மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிப் பார்த்தோம், வரவில்லை. "கண்ணு முன்னாடி மின்மினி பறக்கிற மாதிரி இருக்கு அத்தை" என்றாள். அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வெந்நீர் போட உள்ளே போனேன்.

நல்ல வேளை, எதிர் வீட்டில் ரிடையரான நர்ஸ் ஒரு அக்கா இருக்கிறார். கோலம் போட வந்தவர் இவள் முகத்தைப் பார்த்தார். மூஞ்சியும் கண் இமையும் அதைத்திருந்தன. "வெந்நீரை இறக்கி வை. ஆட்டோவைக் கூப்பிடு. வளையலை வழியிலே உடைச்சுக்கலாம்" என்றார். அந்தக் குரலில் எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 170-க்கு 110. 140-க்கு 90 இருந்தாலே கர்ப்பிணிக்கு அதிகம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சிறுநீரில் புரதம் நிறையப் போயிருந்தது. "எக்லாம்ப்ஸியா வரைக்கும் போகாம கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா. எக்லாம்ப்ஸியா என்றால் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு. தாய், பிள்ளை இரண்டு உயிரையும் கொண்டுபோகக் கூடியது. பிரசவ ஜன்னி என்று அந்தக் காலத்தில் கிசுகிசுத்த மரணங்களில் எத்தனை இந்த வலிப்போ, யார் கண்டார்கள்!

நர்ஸ் அவசர அவசரமாகக் கண்ணாடிக் குப்பிகளை உடைத்து மருந்தை ஏற்றினார். ரத்தக் குழாயில் மெதுவாக 4 கிராம், இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் 5, 5 கிராம். "அத்தை, உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஜையில் கிடந்த காலிக் குப்பியை எடுத்துப் படித்தேன். மெக்னீஷியம் ஸல்ஃபேட் என்று போட்டிருந்தது.

"டாக்டரம்மா, இது... நான் வாளியில போடுற உப்பு இல்லையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதே உப்புதாம்மா. ஆனா வாளியில போட்டா பாதம்தான் நனையும்."

ஒரு நாள் முழுக்க நாலு மணிக்கு ஒரு தரம் ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், சிறுநீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று அளப்பார்கள். இந்த மருந்து உடம்பில் மிஞ்சினால் முதலில் முழங்கால் துள்ளுவது நிற்கும். அதற்கு மேலும் ஏறினால் மூச்சே நின்றுவிடும். அதற்கு மாற்று மருந்தாகக் கால்ஸியம் ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது. நாம் கால் கழுவுகிற உப்பு எவ்வளவு பலசாலி என்பது அந்தச் சுத்தியலைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இது டாக்டர்கள் சும்மா வழக்கத்தால் போடுகிற மருந்து அல்ல. 1995-ல் இந்தியா உட்படப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் வலிப்பு வந்த தாய்மாருக்கு இதையும் மற்ற வலிப்பு மருந்துகளையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மறுபடி வலிப்பு வராமல் தடுப்பதில் இந்த மலிவான உப்பே ஜெயித்தது. 2002-ல் 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த மாக்பை என்ற ஆராய்ச்சியில், ரத்த அழுத்தம் ஏறிய தாய்மாருக்கு இதை முன்கூட்டியே கொடுத்தால் வலிப்பு வரும் அபாயம் பாதிக்கும் கீழே இறங்குகிறது என்று தெரிந்தது.

35-வது வாரத்தில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ 900 கிராம்.

தோல் ஒன்றும் சல்லடை இல்லை

டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பாதம்தான் நனையும் என்றால், தோல் வழியாக மெக்னீஷியம் உள்ளே போகிறது என்று ஜாடியில் எழுதியிருக்கிறதே, அது?

நம் தோலின் மேல் அடுக்கு செத்த செல்களும் கொழுப்பும் நெருக்கமாக அடுக்கிய சுவர் மாதிரி. வெளியே இருப்பது உள்ளே வராமல் காப்பதே அதற்கு வேலை. தண்ணீரில் கரைந்த மெக்னீஷியம் தன்னைச் சுற்றித் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பருத்துப் போகிறது. அந்தச் சுவரில் நுழைவது அதற்கு லேசில்லை. 2017-ல் நியூட்ரியன்ட்ஸ் என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இந்த விஷயத்தை அலசிய டாக்டர்கள், தோல் வழியாக மெக்னீஷியம் பெறலாம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள்.

விஞ்ஞானம் வேண்டாம், வீட்டுக் கணக்கே போடலாம். 10 லிட்டர் வெந்நீரில் அரை டம்ளர் உப்பு, அதாவது சுமார் 100 கிராம் போட்டால், லிட்டருக்கு 1 கிராம் மெக்னீஷியம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 1.3 கிராம் இயற்கையாகவே இருக்கிறது! மெரீனாவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கிறோமே, அதுவே இந்த வாளியைவிடக் கெட்டியான மெக்னீஷியத் தண்ணீர். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைந்த பின் மிஞ்சும் நீரில் இன்னும் எத்தனையோ மடங்கு அதிகம். அங்கே நாள் முழுக்க வேலை செய்கிற பெண்களின் பாதங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. மன அமைதி கிடைக்கிறதா என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

விஷம் வெளியே வருகிறது என்பதும் இப்படித்தான். தண்ணீர் கலங்குகிறது என்றால் அது நம் காலில் இருந்த அழுக்கு. ரத்தத்தைச் சுத்தம் செய்யச் சிறுநீரகமும் ஈரலும் இருக்கின்றன. குதிகால் அந்த வேலையைச் செய்வதில்லை.

உப்பால் தோலுக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், அப்படியும் இல்லை. சாக்கடல் உப்பை 5 சதவிகிதம் கரைத்த நீரில் முன்கையை 15 நிமிஷம் வைத்தவர்களுக்கு, சாதாத் தண்ணீரில் வைத்ததைவிட வறண்ட தோல் மிருதுவானதாக 2005-ல் ஜெர்மனியில் கண்டார்கள். ஆனால் அது தோலின் மேலே நடப்பது.

அப்படியானால் சுகம் எங்கிருந்து வருகிறது?

சுகம் பொய்யில்லை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாள் நான் காலை வாளியில் வைக்கிறேன்.

சுகம் வெந்நீரில் இருக்கிறது. சூடு பட்டதும் பாதத்தில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள் உடம்பின் வெப்பம் கால் வழியாக வெளியே போகிறது. கொஞ்ச நேரத்தில் உடம்பின் உள் வெப்பம் இறங்குகிறது. தூக்கம் வருவதற்கு உடம்பு காத்திருக்கும் அறிகுறியே இந்த இறக்கம்தான். பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று 1999-ல் ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானிகள் நேச்சர் பத்திரிகையில் எழுதினார்கள். 2019-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். படுக்கப் போவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு முன் 40 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் பத்து நிமிஷம் குளித்தாலோ காலை வைத்தாலோகூட, வழக்கத்தைவிடச் சராசரி பத்து நிமிஷம் முன்னதாகத் தூக்கம் வருகிறதாம். நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சி, பிள்ளை பெற்றவளை உட்கார வைத்து வெந்நீர் ஊற்றிய நம் பாட்டிமாருக்கு டெக்ஸாஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிள்ளைத்தாய்ச்சி அன்று நன்றாகத் தூங்குவாள் என்பது தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது என் சொந்த அபிப்பிராயம். நம்மில் எத்தனை பேர் பகலில் இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காருகிறோம்? சும்மா நாற்காலியில் உட்கார்ந்தால் "சும்மாதானே இருக்கே, ஒரு காபி" என்று குரல் வரும். டி.வி. பார்த்தாலும் கையில் கீரைக் கட்டு இருக்கும். காலை வாளியில் வைத்துவிட்டால் கதையே வேறு. "கால் ஈரமா இருக்கு, வழுக்கி விழுந்துடுவேன், நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது. என் வீட்டுக்காரர் இப்படித்தான் காபி போடக் கற்றுக்கொண்டார். உப்பு போடாத வெறும் வெந்நீர் வைத்தாலும் இந்தப் பலன் குறையாது, ஆனால் உப்பு போட்டால் 'வைத்தியம்' என்ற மரியாதை வந்துவிடுகிறது. நான் உப்பு போடுவதற்கு அதுவும் ஒரு காரணம், ஒளிப்பானேன்!

செய்கிற விதம்

அகலமான வாய் உள்ள பிளாஸ்டிக் டப் நல்லது, வாளியில் இரண்டு பாதம் இடிக்கும். கணுக்கால் முங்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்தப் பதம்தான். பாதத் தோல் தடிமனாக இருப்பதால் காலை வைத்து ஆழம் பார்க்காதீர்கள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று ஊற்றுங்கள். கொதிக்கிற பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஊற்றிக்கொள்ளும் வேலையே வேண்டாம், தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

அரை டம்ளர் உப்பு தாராளம். மருந்துக் கடையில் ஐ.பி. என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உரக் கடையில் மூட்டையாக விற்பது பயிருக்கானது, சுத்தம் குறைவு. 15 நிமிஷம், மிஞ்சினால் 20. எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உப்பை அப்படியே காய விட்டால் தோல் வறண்டு அரிக்கும். எழுந்திருக்கும்போது தரையில் ஒரு பழைய துண்டு கிடக்கட்டும்.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவர்கள் உப்பை நம்புவதைவிட, கட்டை விரலை முகத்தை நோக்கி இழுத்துப் பிடிப்பது உடனே கேட்கும். மெக்னீஷிய மாத்திரை சாப்பிட்டால் வயதானவர்களுக்கு இந்தப் பிடிப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று 2020-ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வு சொல்லிவிட்டது.

யார் வைக்கக் கூடாது?

சர்க்கரை வியாதிக்காரர்கள் காலை ஊற வைக்கவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, வெந்து கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். மாமியாருக்குச் செய்யும் சேவை என்று நினைத்து இதைச் செய்துவிடாதீர்கள். பித்தவெடிப்பில் ரத்தம் கசிந்தாலும் புண் இருந்தாலும் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதையில் வலியும் சூடும் இருந்தால், அதிலும் பிரசவம் ஆன சில வாரங்களில் இருந்தால், அது அசதி இல்லை. ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். தேய்க்கவும் கூடாது, வெந்நீரில் வைக்கவும் கூடாது. அன்றைக்கே டாக்டர்.

கர்ப்பிணிகள் உடம்பு முழுக்கச் சூடேறுகிற மாதிரி வெந்நீரில் முங்கிக் கிடக்கக் கூடாது. பாதத்தை மட்டும் இளஞ்சூட்டில் பத்து நிமிஷம் வைப்பதில் தப்பில்லை. ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். சாயங்காலம் கணுக்கால் வீங்கிக் காலையில் வற்றினால் பெரும்பாலும் சாதாரணம். முகம், கை, கண் இமை வீங்குவது, ஒரு வாரத்தில் எடை சட்டென்று ஏறுவது, விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் ராத்திரியோ பகலோ கிளம்பிவிடுங்கள். ஐந்தாம் மாதம் முடிந்ததிலிருந்து இந்தக் கவனம் வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை, ஆறு வாரம் வரைக்கும் ரத்த அழுத்தம் ஏறலாம். ஒரு செக்கப் தவறினால் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' வேண்டாம், அடுத்த நாளே போய்ப் பட்டையைக் கட்டிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

குடிப்பது? பாட்டி காலத்தோடு போகட்டும். இளைப்பதற்கு என்று சிலர் இந்த உப்பைக் கரைத்துக் குடிக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ரத்தத்தில் தங்கி, நான் அந்தச் சுத்தியலைப் பற்றிச் சொன்னேனே, அந்த நிலைமைக்குக் கொண்டுபோய்விடும். பொட்டலத்தைக் கல்கண்டு, சர்க்கரை டப்பாக்களின் பக்கத்தில் வைக்காதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்.

மெக்னீஷியம் நமக்கு வேண்டியதுதான், அதற்கு வழி வாய்தான். பெரியவர்கள் உடம்பில் மொத்தம் 25 கிராம் போல இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 310 முதல் 320 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் மிகக் குறைவு. எள்ளுருண்டை, வேர்க்கடலை, தோலோடு உளுந்து, கீரை, பூசணி விதை எல்லாவற்றிலும் நிறைய. நெஞ்செரிச்சலுக்கு என்று வருஷக் கணக்காகக் காலையில் ஒரு அமில மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை மாத்திரைகளில் சில, நீண்ட நாள் சாப்பிட்டால் ரத்தத்தில் மெக்னீஷியத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-லேயே எச்சரித்திருக்கிறது.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. போன வாரம் அம்மாவோடு வந்திருந்தது. பிள்ளை என் இடுப்பில் இருக்க, அவள் திண்ணையில் உட்கார்ந்து, "அத்தை, ராத்திரி எல்லாம் தூங்க விடலை. அந்த டப்பை எடுங்களேன்" என்றாள்.

"முதல்ல கையை நீட்டு" என்றேன். இப்போது என் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது, எதிர் வீட்டு அக்கா வாங்கச் சொன்னது. 118-க்கு 76. வெந்நீர் விளாவிக் கொடுத்தேன். உப்பு போடலாம் என்று டப்பாவைத் திறந்தால் அடியில் இரண்டு ஸ்பூன்தான் இருந்தது. மீதியை என் வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்குக் கரைத்து ஊற்றிவிட்டாராம். அந்த இரண்டு ஸ்பூனைப் போட்டேன். "போதும் அத்தை, சூடுதான் சுகம்" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தவள், பிள்ளை அழுததுகூடத் தெரியாமல் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள்.